ஜமீன் வாரிசுக்கு முதல் ஷிப்ட்

கம்பெனி பஸ் காரனோடை பாலத்தில் ஏறும்போது டிரைவர் தலைக்கு மேலிருந்த ஸ்பீக்கரில் தான் எழுதிய வரி ஒன்று வந்ததைக் கேட்டதும், பிரின்சியின் வாயிலிருந்த இட்லி உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல் நின்றுவிட்டது.

"நித்திலாவின் கூந்தலிலிருந்து கனகாம்பரம் சூரியதேவன் தோளில் உதிர்ந்தது. உதிர்ந்தது பூ மட்டுமா?" என்று எவனோ ஒருவன் பின்னணியில் வீணையை ஓடவிட்டு உருகிக்கொண்டிருந்தான்.

"முனுசாமியண்ணே, இன்னாண்ணே இது?"

"யூடியூப்புல ஒருத்தன் படிக்கிறான் தங்கச்சி. 'மஞ்சள் குங்குமச் சபதம்' சீரியல் இல்ல? அதுல செத்துப்போன ஹீரோவ யாரோ உசுரோட கொண்டாந்து கதை எய்திக்கிறாங்க. செம்மையா கீது!" என்றார் டிரைவர் முனுசாமி.

யாரோ என்ன யாரோ, சாட்சாத் பிரின்சியேதான்.

அந்த சீரியலில் ஜமீன் வாரிசு சூரியதேவனாக நடித்தவருக்கு சினிமா வாய்ப்பு வந்ததும், சீரியல்காரர்கள் கூசாமல் அவனை லாரி ஏற்றிக் கொன்றுவிட்டார்கள். பிரின்சி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "நடிகன் நல்லாத்தான் கீறான், நீ ஏண்டி ஒப்பாரி வெக்கிற?" என்று கணவன் பென்னி சிரித்தான். அந்தக் கோபத்தில் போனை எடுத்தவள்தான், சூரியதேவனைப் பிழைக்க வைத்துவிட்டாள்.

கதை எழுதும் செயலி ஒன்றில் அவள் பெயர் 'ஊதாப்பூ'. அங்கே அவளைப் போல அந்த சீரியலுக்கு மாற்றுக் கதை எழுதும் பெண்கள் சிலர் இருந்தார்கள். அவர்களுக்குள் ஒரே சட்டம்: யார், எந்த ஊர் என்று கேட்கக் கூடாது, இங்கே படித்ததை வெளியே கொண்டுபோகக் கூடாது. உப்பு எங்கே, சட்டை எங்கே, ரிப்போர்ட் எங்கே என்று நாளெல்லாம் ஆளுக்கொரு கேள்வி கேட்கிற உலகத்தில், பிரின்சி யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத இடம் அது ஒன்றுதான். அவள்தான் எழுதுகிறாள் என்று தெரிந்துவிட்டால் தீர்ந்தது. கனகாம்பரம் என்று எழுத ஆரம்பிக்கும்போதே மொத்த பஸ்ஸும் தோளுக்குப் பின்னால் வந்து நின்றுவிடாதா? அப்புறம் ஒரு வரி வருமா?

இப்போது சட்டத்தை மீறி எவனோ ஒரு படுபாவி வெளியே கொண்டுவந்துவிட்டான்.

பக்கத்து சீட் பூமிகா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே வந்தாள். "ஏன் பிரின்சி, லாரி மோதி பழைய நினைவு போன சூரியதேவன் இப்ப எங்க வேல செய்றான் கேட்டியா? கும்மிடிப்பூண்டி சிப்காட்டுல, பாட்டில் மூடி கம்பெனில! முதல் ஷிப்ட்டாம்!"

பிரின்சி வேலை செய்வதும் பாட்டில் மூடி கம்பெனிதான். மூடியைத் திருகிப் பார்த்துப் பாஸ், ஃபெயில் போடுவது அவள் வேலை. ஜமீன் வாரிசுக்கும் அதே வேலையைப் போட்டுக் கொடுத்திருந்தாள். பாவம், அவளுக்குத் தெரிந்த உத்தியோகம் அதுதானே!

அன்று மாலையே யூடியூப்காரனுக்குச் செய்தி அனுப்பினாள். 'அனுமதி இல்லாமல் என் கதையைப் படிப்பது தவறு. உடனே நீக்கவும். ஊதாப்பூ.'

நல்ல பிள்ளையாக நீக்குவான் என்று பார்த்தால், மறுநாள் பஸ்ஸில் அவன் குரல் இன்னும் கணீரென்று ஒலித்தது. "மக்களே! ஊதாப்பூ என்னை மிரட்டுறாங்க! யார் இந்த ஊதாப்பூ? கண்டுபிடிச்சே தீருவேன்!"

ஊர் உலகமே சேர்ந்து தேட ஆரம்பித்தது. அதுவரை கதையை எட்டிப் பார்க்காதவர்கள் எல்லாம் முதல் அத்தியாயத்திலிருந்து படித்தார்கள். கேன்டீன் சாம்பாரைப் பற்றி அவள் எழுதிய பத்தியை வைத்து, எந்தக் கம்பெனி கேன்டீன் என்று பட்டிமன்றமே நடந்தது.

பிரின்சி பதறிப்போய்க் கதையைத் திருத்தினாள். மூடி கம்பெனியை அழித்துவிட்டு, சூரியதேவனை ஊத்துக்கோட்டைப் பக்கம் வேர்க்கடலை விவசாயி ஆக்கினாள். அவசரத்தில் பாதியைத் திருத்தாமல் விட்டதில், ஜமீன் வாரிசு அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு கேட்டில் பஞ்ச் வைத்துவிட்டுக் கடலைக் கொல்லைக்குள் போனான்.

யூடியூப்காரனுக்குக் கொண்டாட்டம். பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினான். "பயந்துட்டாங்க மக்களே! அப்ப மூடி கம்பெனிதான் உண்மை! இன்னொண்ணு கவனிச்சீங்களா? பரம்பரை ஜமீன் வாரிசு. அரண்மனைக்குள்ள அம்மன் கோயிலே இருக்கு. அவன் அதிர்ச்சி வந்தா மட்டும் ஏன் 'ஏசப்பா!'ன்னு கத்துறான்?"

பிரின்சி போனைக் கீழே போட்டுவிட்டு, "ஏசப்பா!" என்றாள்.

மறுநாள் பஸ்ஸில் ஏறினால், அத்தனை பேரும் ஒரே நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள். வெளியே பார்க்க என்ன இருக்கிறது? கன்டெய்னர் லாரிதான் போய்க்கொண்டிருந்தது. நம்மைத்தான் சந்தேகப்படுகிறார்கள் என்று அவள் முடிவுகட்டினாள்.

சந்தேகத்தை எப்படித் துடைப்பது? யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். கம்பெனிக்குள் லைனில் வேலை செய்பவர்கள் யாரும் போன் கொண்டுபோக முடியாது, கேட்டிலேயே செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட வேண்டும். செயலியிலோ, நேரம் குறித்து வைத்தால் அத்தியாயம் தானாக வெளியாகும் வசதி இருந்தது. ஷிப்ட் நடுவில், பத்தரை மணிக்கு என்று குறித்தாள். போன் கேட்டில், அவள் மூடிக்கு முன்னால். இதைவிடச் சாட்சி வேண்டுமா?

ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் ஏறியதும் பூமிகாதான் ஆரம்பித்தாள். "இன்னிக்கு அத்தியாயம் பத்தரைக்கு வந்துகீது. அந்த நேரத்துல உள்ள யார் கைல போன் இருக்கும்?"

"நமக்கெல்லாம் இல்லப்பா," என்று பிரின்சி முந்திக்கொண்டாள்.

"அதான். சூப்பர்வைசர் கைல மட்டுந்தான்!"

பஸ்ஸே முன் சீட்டைப் பார்த்தது. அங்கே சூப்பர்வைசர் ராஜமாணிக்கம் அமர்ந்திருந்தார். நெற்றி நிறைய விபூதி, மூக்குக்குக் கீழே முறுக்கிய மீசை. ஒரு மூடி கோணினால் லைன் மொத்தத்தையும் ஓட ஓட விரட்டுகிற மனிதர். அவரா கனகாம்பரம் உதிர்ப்பவர்?

"சார்ர்ர்..." என்று இழுத்தாள் பூமிகா. "நீங்கதானா அது?"

அவர் கத்தப்போகிறார் என்று பிரின்சி காதைப் பொத்தத் தயாரானாள். அவரோ மீசையைத் தடவிக்கொண்டு, "ஏதோ... மனசுல பட்டத எய்திக்கினு இருக்கேன்," என்றார்.

அடப்பாவி மனுஷா!

நியாயமாகப் பார்த்தால் பிரின்சிக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. முதல் நாள் நிம்மதியாகத்தான் இருந்தது. இரண்டாம் நாள் முனுசாமி அண்ணன், "சார், அந்தக் கனகாம்பரம் வரி இருக்கே, எப்புடி சார் தோணுச்சு?" என்று கேட்க, அவர், "குளிக்கும்போது தோணுச்சு," என்றபோதுதான் வயிறு எரிய ஆரம்பித்தது. அந்த வரிக்காக அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரக் கடைசியில் யூடியூப்காரன் கேமராவோடு கம்பெனி கேட்டுக்கே வந்துவிட்டான். ஷிப்ட் விட்டு வந்த பெண்களின் முகத்தில் ஒவ்வொன்றாகக் கேமராவை நீட்டிக்கொண்டே வந்தான். பிரின்சியின் முகத்துக்கு வருமுன் ராஜமாணிக்கம் குறுக்கே வந்து நின்றார்.

"பொண்ணுங்கள ஏம்பா பேஜாரு பண்ற? நான்தான் ஊதாப்பூ. இன்னா கேக்கணுமோ என்னாண்ட கேளு."

"சார், நீங்களா! அப்ப 'ஏசப்பா'ன்னு..."

"எல்லாச் சாமியும் ஒண்ணுதான் தம்பி."

"நிஜமாவே சார்தான் எழுதறாரா?" என்று அவன் மற்றவர்களைக் கேட்டான்.

"என் கண்ணால பாத்துருக்கேன்," என்றாள் பூமிகா, கண்ணை இமைக்காமல். "மெஷின் பக்கத்துலயே நின்னு எய்துவாரு."

"அழுதுக்கினே எய்துவாரு," என்று சேர்த்தார் செக்யூரிட்டி.

யூடியூப்காரன் உச்சி குளிர்ந்து ஒரு சால்வையை எடுத்துப் போர்த்தினான். "அடுத்து என்ன சார் நடக்கப்போகுது? சூரியதேவனும் நித்திலாவும் சேருவாங்களா?"

ராஜமாணிக்கம் சற்று யோசித்தார். "அந்தப் பொண்ணு யாருக்கு வேணும்? அவனுக்கு சூப்பர்வைசரா பிரமோஷன் வருது. அதோட கதை முடியுது."

பிரின்சிக்கு ரத்தம் கொதித்தது. நித்திலா வேண்டாமாமே! செத்தவனைப் பிழைக்கவைத்து, இத்தனை அத்தியாயம் ஊட்டி வளர்த்து, கடைசியில் இந்த மனிதர் அவனைத் தன்னைப் போல ஆக்குவாரா? தெரிந்தால் தெரியட்டும். பென்னி சிரித்தால் சிரிக்கட்டும். சூரியதேவனை இன்னொரு தடவை சாகவிட முடியாது.

பஸ் கவரப்பேட்டை தாண்டியது. முன் சீட்டில் சால்வையோடு ராஜமாணிக்கம் ஜம்மென்று உட்கார்ந்திருந்தார். பிரின்சி கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"எல்லாரும் கேளுங்க! அந்தக் கதைய எய்துனது சார் இல்ல. நான்! நான்தான் ஊதாப்பூ!"

யாரும் திரும்பவில்லை. ராஜமாணிக்கம் தலையில் கை வைத்துக்கொண்டார். பூமிகா அவள் புடவையைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.

முனுசாமி கண்ணாடியில் பின்னால் வரும் ஒரு பைக்கைப் பார்த்தபடி சொன்னார்: "குந்து தங்கச்சி, மெல்லப் பேசு, அந்தக் கேமராக்காரன் பின்னாடியே வரான், மொத நாள் கதை ஓடுனப்ப உன் வாயில இட்லி நின்னப்பவே எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு, அன்னிலேர்ந்து இந்த பஸ்ஸே உனுக்காகப் பொய் சொல்லிக்கினு கீது, நீ பூந்து உண்மையச் சொல்லிக் கெடுத்துடாத!"