குட்டை என்றால் குட்டை இல்லை

அன்புள்ள சித்திக்கு,

வணக்கம். இங்கே நாங்கள் மூவரும் சுகம். அங்கே நீங்களும் சித்தப்பாவும் சுகம்தானா, சித்தப்பாவின் முழங்கால் இப்போது மடங்குகிறதா என்று கேட்கும்படி அம்மா அடுக்களையிலிருந்து குரல் கொடுக்கிறாள், கேட்டுவிட்டேன். போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். போன முறை போனில் நான் மொத்தம் பேசியது 'ம்', 'ம்ம்', 'அம்மாகிட்ட தரேன்' என்ற மூன்றுதான். அதனால்தான் கடிதம். எழுத்தில் எனக்கு வாய் நீளம்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன், இல்லாவிட்டால் கதையோடு போய்விடும். வருகிற திங்கட்கிழமை அப்பா என்னைப் பஸ் கம்பெனியின் விசாரணைக் கவுண்டரில் உட்கார வைக்கப் போகிறார். முன்னால் கண்ணாடி, கையில் மைக். எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று ஊரே வந்து கேட்கும், நான் ஊருக்கே கேட்கிற மாதிரி பதில் சொல்ல வேண்டும். சித்தி, நீங்கள்தான் அப்பாவிடம் பேசி இதை நிறுத்த வேண்டும். அம்மா சொன்னால் அப்பா கேட்கமாட்டார், நான் சொல்வதே இல்லை, மச்சினிச்சி சொன்னால் மட்டும் மறுபேச்சு கிடையாது.

நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டது உங்களுக்குத் தெரியும், ஏன் விட்டேன் என்பது தெரியாது. ஒரு நாள் விடாமல் போனேன் சித்தி. பெயர் கூப்பிடும்போது 'உள்ளேன் ஐயா' என்பது தொண்டை வரைக்கும் வரும், அதற்குள் வாத்தியார் அடுத்த பெயருக்குப் போயிருப்பார். வருஷக் கடைசியில் பதிவேட்டைக் கூட்டிப் பார்த்தால் நான் முக்கால்வாசி நாள் வரவே இல்லை. பரீட்சை எழுத விடவில்லை. நான் உட்கார்ந்திருந்தது முதல் பெஞ்சு. அப்புறம் நீங்கள் சொல்லித்தான் செடி நர்சரியில் சேர்ந்தேன். செடிகள் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, எனக்கு அங்கே ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஆனால் அப்பா ஆபீசில் 'பொண்ணு நர்சரில இருக்கா' என்று சொல்லியிருக்கிறார். 'ஒன்பதாவது வரைக்கும் போயிட்டு மறுபடி நர்சரியா? அஸ்திவாரத்துலேயே கோளாறா?' என்று ஒருவர் கேட்டாராம். இன்னொருவர் தன் பேரனுக்கு அங்கே இடம் கிடைக்குமா என்று தனியாக வந்து கேட்டாராம். அன்று சாயங்காலமே அப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார்: மூன்று மாதத்துக்குள் நர்சரி முதலாளியம்மா என்னை நிரந்தரம் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் பஸ் கவுண்டர். பஸ் கம்பெனி மேனேஜர் அப்பாவின் சிநேகிதர்.

முதலாளியம்மா என் கையில் ஒரே ஒரு மரத்தைக் கொடுத்தார். மரம் என்றால் என் முழங்கால் உயரம். ஊசியிலை மரத்தில் குட்டை ரகம். ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்குப் பின்னால், இரண்டு உயரமான கட்டடங்களுக்கு இடுக்கில் ஒரு துண்டு நிலம் இருக்கிறது. நாற்காலியில் வாயைத் திறந்து படுத்திருப்பவர்கள் ஜன்னல் வழியாகப் பச்சையாக எதையாவது பார்த்தால் உதைக்காமல் இருப்பார்கள் என்று டாக்டர் கேட்டிருந்தார். 'வருஷத்துக்கு ரெண்டு விரக்கடைதான் வளரும். நிழலைத் தாங்கும், தேங்கின தண்ணியைத் தாங்காது. மூணு மாசம் ஒரு ஊசிகூடப் பழுக்காம வெச்சிரு, நீ இங்கேயே இருக்கலாம்' என்றார் முதலாளியம்மா.

அந்த இடத்தை வெயில் எட்டிக்கூடப் பார்க்காது. எதிர்க் கட்டடத்து மூன்றாம் மாடி ஜன்னல் கண்ணாடியில் பட்டுத் தெறித்து, பதினொன்று பத்திலிருந்து பதினொன்றரை வரை கைக்குட்டை அளவு வெளிச்சம் விழும். அந்தக் கைக்குட்டையின் நடுவில்தான் மரத்தை நட்டேன். மூன்றாம் மாடி அம்மாள் துண்டு காயப்போட ஜன்னலைத் திறந்தால் வெளிச்சம் நகர்ந்துபோய்க் குப்பைத்தொட்டிமேல் விழும். 'கொஞ்சம் சாத்துங்கம்மா' என்று கேட்க எனக்கு வாய் வராது. குப்பைத்தொட்டி நன்றாக வெயில் காயும், நான் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

இதுகூடப் பரவாயில்லை. கிளினிக்கில் டாக்டருக்கு உதவியாக ஒரு அண்ணன் இருக்கிறார், பட்டப்பெயர் 'உடனடி'. டாக்டர் 'வலது பக்கமா…' என்று யோசிக்க ஆரம்பித்தாலே நாற்காலியை வலது பக்கம் திருப்பிவிடுவார். அவர் கண்ணில் இந்த மரம் பட்டது. முதல் வாரம் 'ஏம்மா, இது எப்ப வளரும்?' என்றார். சிரித்தேன். அடுத்த வாரம் 'வளந்துருச்சா?' என்றார். சிரித்தேன். மூன்றாம் வாரம் 'தங்கச்சி, நெசமாவே இதுக்கு உசிரு இருக்கா? போட்டோ மாதிரி நிக்குதே!' என்றார். சிரித்துச் சிரித்துக் கன்னம் வலித்தது. இப்படியே இரண்டு மாதம் போயிற்று. கடைசியில் ஒரு சனிக்கிழமை, பலகை ஒன்றில் கறுப்புப் பெயின்ட்டால் பெரிதாக 'குட்டை' என்று எழுதி மரத்தடியில் ஊன்றிவிட்டு வந்தேன். இது குட்டை ரகம், இவ்வளவுதான் வளரும், தயவுசெய்து இனிமேல் கேட்காதீர்கள் என்று அர்த்தம். எல்லாவற்றையும் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டோமே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

திங்கட்கிழமை போய்ப் பார்த்தால் மரத்தைச் சுற்றி ஒரு குளம்! வட்டமாகத் தோண்டி, பிளாஸ்டிக் தாள் விரித்து, விளிம்பில் கல் அடுக்கி, தண்ணீர் நிரப்பி, நடுவில் என் மரம் இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறது. அதைச் சுற்றி இரண்டு சிவப்பு மீன்கள் வலம் வருகின்றன.

'வா தங்கச்சி, வா! போர்டு மட்டும் வெச்சுட்டுப் போயிட்ட, குட்டையைக் காணோம். சரி, நம்மளைத்தான் வெட்டச் சொல்லுதுன்னு நேத்தே வெட்டிட்டேன். எப்படி?'

'அண்ணே… குட்டை இல்லண்ணே.'

'ஏன், இன்னும் ஆழம் வேணுமா?'

'குட்டை இல்லண்ணே, குட்டை!'

'அதைத்தாம்மா நானும் சொல்றேன், குட்டை!'

'ஐயோ, அந்தக் குட்டை இல்ல, இந்தக் குட்டை!' என்று மரத்தைக் காட்டினேன். அவர் என் விரல் காட்டிய இடத்தைக் குனிந்து பார்த்தார். அங்கேயும் தண்ணீர்தான் இருந்தது.

'ஆமா, இந்தக் குட்டைதான்' என்றார்.

அப்போதுதான் சித்தி, பதினேழு வருஷமாகச் செலவழிக்காமல் வைத்திருந்த சத்தம் மொத்தமும் ஒரேயடியாக வெளியே வந்துவிட்டது. 'குள்ளம்! குள்ளம்! பொறந்ததே குள்ளம்! எவ்ளோ தண்ணி ஊத்தினாலும் வளராது! தண்ணியை எடுங்க, செத்துரும்!'

மூன்றாம் மாடி ஜன்னல் படாரென்று சாத்திக்கொண்டது. கிளினிக் ஜன்னலில் டாக்டர் தலை தெரிந்தது. அவர் முக்காலிமேல் ஏறி நின்றுதான் பல் பிடுங்குவார். 'யாரும்மா அது, காலங்காத்தால என்னைத் திட்டறது?' என்றார். எனக்கு அந்தக் குளத்திலேயே மூழ்கிவிடலாம் போலிருந்தது. அவர் தோளுக்குப் பின்னாலிருந்து, வாய் நிறையப் பஞ்சோடு இன்னொரு தலை எட்டிப் பார்த்து, 'யாது அந்தப் பொண்ணு? என்ன குதல்யா! இந்தக் குதலைத்தான் நான் தேடிக்கிட்டிதுக்கேன்!' என்றது. யாரென்று நினைக்கிறீர்கள்? பஸ் கம்பெனி மேனேஜர். அன்றைக்குத்தானா அவருக்குக் கடைவாய்ப்பல் வலிக்க வேண்டும்!

உடனடி அண்ணன் தண்ணீரை இறைப்பதையும் உடனடியாகச் செய்தார், அதைச் சொல்லத்தான் வேண்டும். வாளி போதாமல், வாய் கொப்பளிக்கிற டம்ளரெல்லாம் வந்துவிட்டது. மரத்தை வேரோடு தூக்கி, வேரைக் காற்றாட விட்டு, மணலும் செங்கல் தூளும் கலந்து மேடு கட்டி அதன்மேல் மறுபடி நட்டேன். மீன்கள் இப்போது காத்திருப்போர் அறையில் கண்ணாடி ஜாடியில் இருக்கின்றன. நேற்று மூன்று மாதம் முடிந்தது. முதலாளியம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து மரத்தை ஊசி ஊசியாகப் பார்த்தார். ஒரு இடத்தில் விரல் நின்றது. பழுப்பாக ஒன்று. அவர் அதை இழுத்தார், கையோடு வந்தது. துடைப்பக் குச்சி. அதற்குப் பக்கத்திலேயே எறும்புத்தலை அளவுக்கு இளம்பச்சையாக ஒரு துளிர். 'நாளையிலேர்ந்து நீ நிரந்தரம்' என்றார்.

ஓடி வந்து வீட்டில் சொல்லலாம் என்று பார்த்தால், அப்பா எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறார். 'ஏம்மா, மேனேஜர் உன்னை அப்படிப் புகழுறாரு! உனக்கு மைக்கே தேவையில்லையாம். திங்கக்கிழமை உன்னை அனுப்பறேன்னு வாக்குக் குடுத்துட்டேன்' என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். என் வாய் பழையபடி மூடிக்கொண்டது. ஆகவே சித்தி, திங்கட்கிழமைக்குள் போன் செய்து, என்னை முதலாளியம்மா நிரந்தரம் செய்துவிட்டார், அந்தக் குரல் மரத்துக்காக வந்ததே தவிர பஸ்ஸுக்கெல்லாம் வராது என்று அப்பாவுக்குப் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். உங்களைத்தான் மலைபோல நம்பியிருக்கிறேன்.

சித்தப்பாவின் முழங்காலுக்கு என் விசாரிப்புகள். உங்கள் வீட்டுத் தொட்டிச் செடிகளுக்கு என் அன்பு, தண்ணீர் அளவாக.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்

பி.கு.: சித்தி, மேலே எழுதிய எதுவும் இனித் தேவையில்லை. கடிதத்தை மடித்துக்கொண்டிருக்கும்போது அப்பா வந்து, 'திங்கக்கிழமைக்கு நல்ல டிரஸ் எடுத்து வெச்சியாம்மா?' என்றார். 'நான் போகலப்பா' என்றேன். எனக்கே தூக்கிவாரிப் போட்டது. 'என்னது?' 'கவுண்டருக்குப் போகலப்பா. முதலாளியம்மா என்னை நிரந்தரம் பண்ணிட்டாங்க. எனக்குச் செடி வேலைதான் பிடிச்சிருக்கு.' 'இதை முன்னாடியே சொல்றதுக்கு என்ன? நான் பாட்டுக்கு வாக்குக் குடுத்துட்டேனே' என்றார் அப்பா. அவ்வளவுதான், முடிந்துவிட்டது. நீங்கள் போன் செய்ய வேண்டாம். தபால்தலை ஒட்டியாகிவிட்டது, உரித்தால் கிழியும் என்பதால் மட்டும் இதை அனுப்புகிறேன். மேனேஜருக்கு யார் சொல்வது என்றுதான் இப்போது பிரச்சினை. அப்பா நம்பரைப் போட்டுவிட்டுப் போனை என் பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கிறார். 'நீயே சொல்லிடும்மா, எனக்குக் கூச்சமா இருக்கு' என்கிறார்.