நாலாவது ஆள்

படகில் ஒரு காலும் மரக்காணத்துக் கரையில் ஒரு காலுமாக நின்றுகொண்டு கெங்கம்மாள் ஆட்களை எண்ணினாள். வீட்டுக்காரர் பாண்டுரங்கன், மகன் வேங்கடேசன், அப்புறம் அவள்.

"ஏங்க, மூணு பேராயிடுச்சே. பொண்ணு பாக்க மூணு பேரா போவலாமா?"

பாண்டுரங்கனுக்குத் திக்கென்றது. திண்டிவனத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை வியாபாரம் பண்ணுகிற மனிதர், கணக்கில் புலி. கூட வருவதாக இருந்த மைத்துனர் விடியற்காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டதில் இதைக் கோட்டை விட்டுவிட்டார்.

விஷயம் லேசானதில்லை. வேங்கடேசனுக்கு முப்பது ஆகப் போகிறது. எந்தப் பெண்ணைக் காட்டினாலும் தலையைக் குனிந்துகொள்வான். கழிமேட்டுப் பெண்ணைத் திருவிழாவில் பார்த்துவிட்டுத்தான், "கட்டினா அந்தப் பொண்ணத்தான் கட்டுவேன்" என்று வாய் திறந்தான். இதுவும் தட்டிப்போனால் பிள்ளை காவி கட்டிக்கொண்டு போய்விடுவான் என்று பெற்றவர்களுக்கு உள்ளூரப் பயம். பெண் வீட்டுக்குச் சொல்லாமல் போய் நின்றால்தான் வீட்டு லட்சணம் தெரியும் என்பது பாண்டுரங்கனின் யோசனை. கழிமேட்டுக்கு ரோடு கிடையாது. பக்கிங்காம் கால்வாய்தான் வழி.

"படகுக்காரர சேத்தா நாலுதானே?" என்றார்.

"அவரு படகு தள்ள வர்றாரு. நம்ம கூடவா வர்றாரு?"

"அப்போ ஒரு கல்ல எடுத்துக்கலாம். அது ஒரு ஆளு கணக்கு."

வேங்கடேசன் ஓடிப்போய்த் தேங்காய் பருமனுக்கு ஒரு கல் கொண்டுவந்தான். படகுக்காரன் மாரியப்பன் கல்லை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கோலை எடுத்தான்.

இருபுறமும் உப்பளங்கள் வெள்ளை வெளேரென்று நகர்ந்தன. பழத்தட்டுக்குப் பக்கத்தில் கல் மரியாதையாக வந்தது. எதிரே சவுக்கு விறகுப் படகு வர, மாரியப்பன் கோலை ஊன்றி ஒதுக்கினான். படகு சாய்ந்தது. கல் உருண்டு வாழைப்பழச் சீப்பை நசுக்கிவிட்டுத் தண்ணீரில் விழுந்தது.

"உங்க நாலாவது ஆளு எறங்கிட்டாருங்க" என்றான் மாரியப்பன்.

"படகைத் திருப்பு" என்றாள் கெங்கம்மாள்.

வேங்கடேசனின் முகம் செத்துப்போனது. அந்த நேரம் பார்த்துக் கரையில் ஒருவர் குடையை ஆட்டினார்.

"கழிமேட்டுப் பக்கம்தானே? என்னையும் ஏத்திக்கினு போங்க."

பாண்டுரங்கனுக்குப் போன உயிர் வந்தது. ஆள் பெயர் முருகையன், ஊர் கழிமேட்டுக்கு அடுத்த குப்பம். ஏறியதுமே பழத்தட்டையும் பூவையும் பார்த்துக்கொண்டார்.

"ஒரு ஒத்தாசை பண்ணணும்" என்றார் பாண்டுரங்கன். "மூணு பேரா இருக்கோம். எங்களோட வந்து சும்மா உக்காந்தா போதும்."

"வர்றேன். எனக்குப் பழக்கம்தான். எந்த வூட்டுக்குப் போறீங்க?"

"ஐயோ, எங்க போறீங்கன்னு கேக்கலாமா?" கெங்கம்மாள் பதறினாள். "போற காரியம் இன்னாவறது?"

முருகையன் வாயை மூடிக்கொண்டார். அடுத்த தொல்லை அவருடைய பனியன். அதில் பொத்தல் இல்லாத இடத்தைத் தேட வேண்டியிருந்தது. பாண்டுரங்கன் மனசில்லாமல் தம் சரிகைத் துண்டை எடுத்துப் போர்த்திவிட்டார். இப்போது முருகையன் சம்பந்தி மாதிரியும், பாண்டுரங்கன் அவர் வீட்டுக் கணக்குப்பிள்ளை மாதிரியும் தெரிந்தார்கள்.

"கேட்டா ஒண்ணுவிட்ட அண்ணன்னு சொல்லிடுங்க."

"சொல்றேன்" என்ற அண்ணன் உறவு முறையில், பெண் வீட்டுக்கென்று எடுத்துவந்த முறுக்குத் தூக்கைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். பாதி காலியானதும் மறுபடி ஆரம்பித்தார். "பொண்ணோட அப்பா பேராவது..."

"அண்ணே, சாப்டுக்கினு வாங்க. இன்னும் ஒரு வார்த்தை கேக்காதீங்க" என்றாள் கெங்கம்மாள்.

அவரும் பேச்சை விட்டுவிட்டு முறுக்கைக் கவனித்தார். காற்று குளிர்ச்சியாக வீசியது. வேங்கடேசன் தண்ணீரைப் பார்த்துத் தானாகச் சிரித்துக்கொண்டான். மகன் சிரிப்பதைப் பார்த்த பாண்டுரங்கனுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. துண்டு போனாலும் பரவாயில்லை என்றுகூடத் தோன்றியது.

கழிமேட்டில் இறங்கினார்கள். ஓட்டு வீட்டு வாசலில் இரண்டு பேர் கீற்று இறக்கிப் பந்தல்கால் நட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பாத்தியா, நாம வர்றது எப்படியோ தெரிஞ்சிருக்கு" என்று மனைவியின் காதைக் கடித்தார் பாண்டுரங்கன். பிறகு முருகையனிடம் கௌரவமாகக் கை நீட்டிக் காட்டினார். "அந்த வூடுதாங்கண்ணே. இப்பக் கேளுங்க, இன்னா கேக்கணுமோ."

முருகையன் நின்றார். சரிகைத் துண்டை எடுத்து, உதறி, ஒழுங்காக மடித்துப் பாண்டுரங்கன் கையில் வைத்தார்.

"இனிமே கேட்டு இன்னாங்க ஆவப் போவுது? போன வெள்ளிக்கெழம வேற ஒரு மாப்ள வூட்டுக்காரங்க, உங்கள மாதிரியேதான் மூணு பேரா வந்தாங்க, நாலாவது ஆளா என்னைத்தான் இந்த வூட்டுக்குக் கூட்டிக்கினு வந்தாங்க, அன்னிக்கே பூ வெச்சிட்டாங்க."