அஞ்சரை போட்டில் வருகிறவன்

என் மனைவியின் காதலனை அஞ்சரை போட்டில் கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று நான் தீர்மானித்தது ஒரு திங்கட்கிழமை.

அவனைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும். சுருட்டை முடி. சாயங்காலம் எர்ணாகுளத்திலிருந்து அஞ்சரை மணிப் படகில், அதாவது அஞ்சரை போட்டில், மட்டாஞ்சேரிக்கு வருவான். கையில் அரை முழம் முல்லை இருக்கும். எப்படித் தெரியும் என்கிறீர்களா? என் மனைவியே சொன்னாள். என்னிடம் மட்டும் சொல்லியிருந்தால் பரவாயில்லை. ஊருக்கே சொன்னாள். ஹார்மோனியம் வைத்துச் சொன்னாள். கேசட் போட்டுச் சொன்னாள்.

ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும்.

என் பெயர் விஸ்வேஸ்வரன். வீடு மட்டாஞ்சேரியில். எர்ணாகுளத்தில் ஒரு கம்பெனியில் ஹெட் கிளார்க். ஹெட் இருக்கிறது, முடிதான் இல்லை. மனைவி பாக்கியலக்ஷ்மிக்குச் சின்ன வயதிலிருந்தே சங்கீதம் உண்டு. எனக்குச் சின்ன வயதிலிருந்தே தலைவலி உண்டு. இருபத்திரண்டு வருஷம் ஒற்றுமையாகத்தான் இருந்தோம். எண்பத்து நாலாம் வருஷம் ஒரு நாள் அவள், “ஏன்னா, நான் ஒரு கேசட் போடப் போறேன்” என்றாள்.

“எங்கே போடப் போறே? பரண் மேலேயா?” என்றேன்.

என் நகைச்சுவைக்கு நானே சிரித்துவிட்டு ஆபீஸ் போய்விட்டேன். ஆபீஸ் விட்டதும் வெங்கிட்டு என்ற சிநேகிதனோடு இரண்டு ஆட்டம் செஸ் ஆடிவிட்டு, ஏழரை போட்டில் வீடு திரும்புவது என் வழக்கம். அதற்குள் ஊரில் என்ன நடந்தாலும் எனக்குத் தெரியாது.

நடந்தது இதுதான். கேசட் கம்பெனிக்காரன் எவனும் அவளைக் கூப்பிடவில்லை. அவளும் எவன் வாசலிலும் போய் நிற்கவில்லை. பஜார் ரோட்டில் டேப்ரிக்கார்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் முகமது இஸ்மாயில் ஹார்மோனியம் வாசிப்பார். கல்யாண வீட்டில் அவர் பெட்டியைத் திறந்தால் பந்தியில் பிரியாணி ஆறிப்போகும். அவரும் இவளும் சேர்ந்து, காலியாகக் கிடந்த ஒரு மிளகுக் கிட்டங்கியில் நாலு பக்கமும் சாக்கைத் தொங்கவிட்டு, பட்டப்பகலில் எட்டுப் பாட்டைப் பதிவு செய்துவிட்டார்கள். மூன்றாவது பாட்டில் இவள் தும்முகிறாள். மிளகு! “தாளத்திலேதான் விழுந்திருக்கு, இருக்கட்டும்” என்று இஸ்மாயில் அதையும் விட்டுவைத்தார்.

அந்தப் பாட்டெல்லாம் என்ன ஜாதி என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. கரகரப்ரியாவில் கிளம்பும். பாதி வழியில் கஸல் ஏறிக்கொள்ளும். மலையாளத்துக் கும்மியான கைகொட்டிக்களித் தாளத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, கடைசியில் பக்கத்து வீட்டு ஒச்சம்மாளின் குலவையில் போய் இறங்கும். ஒச்சம்மாள் உசிலம்பட்டிக்காரி. அவள் புருஷன் இங்கே அரிசிக் கிட்டங்கியில் மூட்டை தூக்குகிறான். சபாக்காரர்கள் கேட்டுவிட்டு, இது கச்சேரியே இல்லை என்றார்கள். கஸல் பாடும் மெஹ்ஃபில்காரர்கள், இது கஸலே இல்லை என்றார்கள். பின்னே என்னதான் என்று பார்ப்பதற்காகவே எல்லாரும் வாங்கினார்கள்.

பாட்டுகள் அவளே கட்டியவை. எல்லாம் சொந்த அனுபவம். சொந்த அனுபவம் என்றால் நான்தான். முதல் பாட்டு என் குறட்டை. இஸ்மாயில் அதை ஹார்மோனியத் துருத்தியிலேயே கொண்டுவந்துவிட்டார். இரண்டாவது, குளித்துவிட்டுக் கட்டில்மேல் நான் போடும் ஈரத் தோர்த்துத் துண்டு. மூன்றாவது, அவள் பேசும்போது நான் முகத்துக்கு நேரே பிடிக்கும் பேப்பர். இப்படி ஏழு. சாயாக்கடையில் முன்பின் தெரியாத ஒருவன், “ஈரத் தோர்த்து சாமிதானே?” என்று எழுந்து இடம் கொடுத்தான். எனக்குக் கோபம் வரவில்லை. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. மட்டாஞ்சேரியில் எத்தனை பேர் குறட்டைக்கு ராகம் இருக்கிறது, சொல்லுங்கள்?

எட்டாவது பாட்டில்தான் அவன் வந்தான்.

“அஞ்சரை போட்டில் வருவான் – அவன்
அரைமுழம் முல்லை தருவான்
குழாயடிக் குடத்தைக் கையிலே வாங்கிக்
கூடவே நடந்து வருவான்
சுருட்டை முடியில் மழைத்துளி சொட்டச்
சொன்னதைக் கேட்டுச் சிரிப்பான்.”

நான் ஏழரை போட். முல்லை வாங்கியதில்லை. குடம் தூக்கியதில்லை. என் தலையில் மழைத்துளி விழுந்தால் நிற்காது, வழுக்கிக்கொண்டு போய்விடும். ஆகவே இது நானில்லை என்று கண்டுபிடிக்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. நேரே அடுக்களைக்குப் போனேன்.

“யார் அவன்?”

“எவன்?”

“அஞ்சரை போட்.”

“அது பாட்டுன்னா.”

“மத்த ஏழும் பாட்டுதானே? அந்தக் குறட்டை நிஜமா இல்லையா?”

“நிஜம்.”

“ஈரத் தோர்த்து?”

“இதோ இப்பவும் கட்டில் மேலே கிடக்கு.”

“ஏழும் நிஜம்னா எட்டாவது மட்டும் எப்படிப் பொய்யாகும்?”

அவள் புளியைக் கரைத்துக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தாள். “நன்னாத்தான் கணக்குப் போடறேள்” என்றாள். வாய்க்குள் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. எட்டாவது பாட்டு.

இஸ்மாயில் மேல் சந்தேகம் வந்தது. அவர் எப்போதும் தொப்பி போட்டிருப்பார். தொப்பிக்குள் என்ன சுருட்டி வைத்திருக்கிறாரோ? கடைக்குப் போய், “பாய், அந்தத் தொப்பியைக் கொஞ்சம் எடுங்கோ” என்றேன்.

எடுத்தார். என் தலையையே கண்ணாடியில் பார்த்தமாதிரி இருந்தது.

“எந்தா சாமி, என்ன விசேஷம்?”

“ஒண்ணுமில்லே. எட்டாவது பாட்டு யாரைப் பத்தியாக்கும்?”

“அது நான் சேச்சிகிட்டே கேக்கலை, சாமி. மத்த பாட்டெல்லாம் நாலு தடவை, அஞ்சு தடவை பாடி எடுத்தது. அது மட்டும் ஒரே தடவை. கண்ணை மூடிப் பாடினாங்க. முடிஞ்சப்போ கண்ணிலே வெள்ளம்.” அவர் தொப்பியைத் திரும்ப வைத்துக்கொண்டார். “அவன் பாக்கியசாலி, சாமி.”

அந்த ஒரு வார்த்தையைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கோபம் என்று வெளியில் சொல்லிக்கொண்டேன். உள்ளே பயம். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூடப் பூ வாங்கிக்கொண்டு போகாதவன் நான். வாங்கிக்கொண்டு வர ஒருத்தன் கிடைத்தால் அவள் ஏன் கண்ணை மூடிப் பாட மாட்டாள்?

திங்கட்கிழமை செஸ் பலகையை வெங்கிட்டுவின் பக்கம் தள்ளிவிட்டு அஞ்சரை போட்டில் ஏறினேன். “என்னடா, ராணியை வெட்டப் போறேன்கிறப்போ எழுந்து ஓடறே?” என்று கத்தினான். என் வீட்டில் ராணியே கைவிட்டுப் போகிற சமயம், அவனுக்கு மரப்பாச்சி முக்கியம்.

போட்டில் சுருட்டை முடிக்காரர்கள் மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் பாதிரியார். ஒருவன் அம்மா இடுப்பில் தூங்கிக்கொண்டிருந்தான். மூன்றாமவனை நான் படகுத்துறையிலிருந்து பின்தொடர்ந்தேன். அவன் மீன் கடைக்குள் போய் ஒரு கூடை வாளை மீனைப் பற்றிப் பேரம் பேச ஆரம்பித்ததும் விட்டுவிட்டேன். என் மனைவி சுத்த சைவம். மீனோடு வருகிறவனைப் பாடியிருக்க மாட்டாள்.

பின்னே எங்கே போயிருப்பான்? குழாயடிதான்! ஓட்டமும் நடையுமாகப் போனேன். ஆறு மணிக்குத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. வரிசையில் பாக்கியம் குடத்தோடு நின்றாள். பக்கத்தில் ஆண்வாடையே இல்லை.

“என்னன்னா, இந்நேரத்துக்கு?”

“சும்மா.”

“உடம்புக்கு என்ன?”

“ஒண்ணுமில்லேன்னேனே!”

குடம் நிறைந்தது. அவன் எந்தத் தூணுக்குப் பின்னால் காத்திருக்கிறானோ என்று நினைத்தேன். வந்து குடத்தை வாங்கிவிடுவானோ? அவன் கைபடும் முன்னால் நானே பிடுங்கித் தோளில் வைத்துக்கொண்டேன். பாதித் தண்ணீர் என் சட்டைக்குள் போனது. பார்க்கட்டும், நன்றாகப் பார்க்கட்டும் என்று நிமிர்ந்து நடந்தேன்.

மறுநாளும் அஞ்சரை போட்டில் வந்தேன். அவன் இல்லை. வரும் வழியில் முல்லை விற்றுக்கொண்டிருந்தார்கள். அவன் அரை முழமா தருகிறான்? நான் ஒரு முழம் வாங்கினேன். பாக்கியம் வாங்கி முகர்ந்து பார்த்தாள். “எதுக்குன்னா இத்தனை?” என்றாள்.

“ஏன்? அரை முழம்தான் வழக்கமோ?”

அவள் பூவைத் தலையில் வைத்துக்கொண்டாள்.

அப்புறம் சிரிக்கிற பாகம். சொன்னதைக் கேட்டுச் சிரிப்பானாமே! பேப்பரை மடித்துப் போட்டுவிட்டு அவள் எதிரில் உட்கார்ந்தேன். “சொல்லு” என்றேன்.

“என்னத்தைச் சொல்ல?”

“எதையாவது சொல்லு. நான் சிரிக்கணும்.”

ஒச்சம்மாள் வீட்டுக் கதையைச் சொன்னாள். ஒச்சம்மாளின் புருஷன் தூக்கத்தில் அவளையே அரிசி மூட்டை என்று நினைத்துத் தோளில் தூக்கிக்கொண்டு போய், வாசலில் இறக்கிவிட்டு, “அடுத்தது” என்றானாம். நான் சிரித்தேன். போலியாகச் சிரிக்கத்தான் உட்கார்ந்தேன், நிஜமாகவே வந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். இவளுக்கு இப்படிச் சொல்ல வருமென்று இருபத்திரண்டு வருஷமாக எனக்குத் தெரியாது. உடனே அடுத்த எரிச்சல் வந்தது. அந்தச் சுருட்டை முடிக்காரன் இதையெல்லாம் எனக்கு முன்னாலேயே கேட்டிருப்பானே!

விடவில்லை நான். காதோரம் மிச்சமிருந்த முடியை ஈரமாக்கி, பென்சிலில் சுற்றி வைத்துக்கொண்டுகூட ஆபீஸ் போனேன். “காதிலே என்னன்னா, எட்டுக்கால் பூச்சியா?” என்று அவள் துடைப்பத்தை எடுத்தாள். அதை மட்டும் கைவிட்டேன்.

இப்படி ஒரு மாசம் ஓடியது. தினமும் அஞ்சரை போட், ஒரு முழம் முல்லை, இரண்டு குடம் தண்ணீர், ஒரு கதை. அவன் தலையே தெரியவில்லை. பயந்து ஊரைவிட்டே ஓடியிருக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய் வெற்றியை அறிவித்தேன்.

“பாக்கியம், உன்னோட அஞ்சரை போட்காரன் இனிமே வரமாட்டான்.”

“ஆமான்னா” என்றாள், மிகவும் பணிவாக. “இனிமே அவன் எதுக்கு?”

அந்தச் சமயத்தில் ஒச்சம்மாள் இடுப்பில் குடத்தோடு உள்ளே வந்தாள். நான் இருப்பதை அவள் பொருட்படுத்தவே இல்லை.

“மாமி, ரெண்டாவது கேசட்டு எப்ப? அதுல என் வீட்டு ஆளுக்கும் ஒரு பாட்டு வையிங்க. புள்ளைகளுக்கு எண்ணெ தேச்சுக் குளிப்பாட்டுற மாதிரி ஒரு ஆளப் போட்டுப் பாடுங்க. சாமி ஒரே பாட்டுல இம்புட்டுத் திருந்திட்டாரே! தெருவுல எல்லாப் பொம்பளைங்களும் கேக்குறாங்க. எதிர் வீட்டு மாடத்திக்கு, சாராயக் கடையத் தாண்டி நேரா வீட்டுக்கு வர்ற ஆளு வேணுமாம்.”

எனக்கு மெதுவாகப் புரிய ஆரம்பித்தது. ஒச்சம்மாள் போகிறவரை காத்திருந்தேன்.

“அப்போ... அப்படி ஒருத்தன் இல்லவே இல்லையா?”

“பின்னே? ஏழு பாட்டிலே உங்களைத் திட்டினேன். காதிலே ஏறித்தா? சாயாக்கடையிலே போய்ப் பெருமையா உக்காந்தேள். எட்டாவதிலே வேறொருத்தனைக் கொஞ்சினேன். ஓடி வந்து குடத்தைப் பிடுங்கினேள்.”

“கண்ணிலே வெள்ளம்னு இஸ்மாயில் சொன்னாரே?”

“இப்படி ஒருத்தர் நமக்கு வாய்க்கலையேன்னு அழுகை வந்தது.” தலையில் இருந்த முல்லையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். “இப்போ வந்துட்டாரே.”

இந்தக் கடைசி வார்த்தையில் நான் அப்படியே உருகியிருக்க வேண்டும். உருகவும் செய்தேன். ஆனால் ஆண்பிள்ளை இல்லையா? மானம் என்று ஒன்று இருக்கிறதே! “என்னை முட்டாளாக்கிட்டே. நாளையிலேர்ந்து நான் ஏழரை போட்டிலேதான் வருவேன். செஸ் ஆடுவேன். பேப்பர் படிப்பேன்!” என்று முழங்கினேன்.

“தாராளமா” என்றாள். ஊற வைத்த அரிசியையும் உளுந்தையும் எடுத்துக்கொண்டு ஆட்டுக்கல்லுக்குப் போனாள். போகும்போதே வாய்க்குள் புதிதாக ஏதோ பாட ஆரம்பித்தாள். நான் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன். ஆனால் காதை என்ன செய்வது? ஆட்டுக்கல் குழவியைப் பிடிக்கும் முறுக்கேறிய கைகளைப் பற்றி என்னவோ வந்தது. ஒரு படி மாவை ஒரே மூச்சில் அரைத்துத் தருவானாம்.

“யார் அவன்?” என்றேன்.

“அவனும் இல்லைதான்னா.”

இது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. அப்படி ஒருவன் கிடையவே கிடையாது என்பது எனக்குச் சத்தியமாகத் தெரியும். அவன் அரைப்பது ஒரு படி. நான் ஒன்றரைப் படி அரைக்கிறேன்.