சூரியனுக்குத் தடவிய வேஸ்ட் ஆயில்

கேட்காத உதவியைச் செய்ய மட்டும் எனக்குக் கை பரபரக்கும். கேட்ட உதவிக்குத்தான் இடுப்பு வலி வரும்.

கச்சிராயபாளையத்தில் ஜீப் ஓட்டுகிறேன். கல்வராயன் மலைக்கு ஆராய்ச்சிக்கு வந்த ஸ்டெல்லாவுக்கு என் வண்டிதான். தியாகதுருகத்துப் பெண், வெளியூரில் பெரிய படிப்பு. பழைய மரம் தேடி மலையெல்லாம் சுற்றியதில், மழைக்குச் சாய்ந்த கிழட்டுத் தேக்கு ஒன்று அகப்பட்டது. அனுமதி வாங்கி, அடிமரத்திலிருந்து வட்டமாக ஒரு வில்லை அறுத்தோம்.

"இதுல இன்னா பாப்பா கீது?"

"வருசத்துக்கு ஒரு வளையம்ணே. அந்தந்த வருசத்துக் காத்துல இருந்த கரி இதுல அடங்கியிருக்கு. அதுல ஒரு தினுசு, வானத்துலேருந்து வர்ற கதிரால உண்டாவுது. சூரியன் துடிப்பா இருந்தா கதிரைத் தடுத்துடும், அந்தக் கரி கம்மி. சோர்ந்துட்டா ஜாஸ்தி. அத அளந்து, அப்ப மழை எப்படின்னு ஒப்பிட்டுப் பாக்கணும். எம் படிப்பே இந்த வட்டத்துலதான்ணே."

வில்லையை என் வீட்டில் வைத்துவிட்டு, பெட்டி செய்யச் சொல்லக் கள்ளக்குறிச்சிக்குப் போனாள். ஓரத்தில் பொடி உதிர்ந்து கிடந்தது. (ரம்பம் விட்ட தூள் என்று பின்னால்தான் உறைத்தது.) சூரியனையே கரையான் தின்ன விடுவதா? எங்கள் ஊரில் கதவு நிலையோ, கொட்டகைத் தூணோ, வண்டியில் வடித்த பழைய ஆயிலைத் தடவினால் கரையான் அண்டாது. எடுத்தேன் பிரஷ்ஷை.

"இன்னாய்யா பண்ணிக்கினு கீற? அந்தப் பொண்ண ஒரு வார்த்தை கேளு" என்றாள் என் மனைவி மேரி.

"மரத்தப் பத்தி எனக்கே சொல்றியா?" என்று இரண்டாவது கோட்டும் அடித்தேன்.

ஸ்டெல்லா வந்தாள். தொட்டாள். விரலை முகர்ந்தாள். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"எப்படி பாப்பா, பளபளன்னு?"

"இன்னா ஆயில்ணே?"

"வண்டி ஆயில்தான்."

"அது பூமிக்கடியில கோடி வருசமா கெடந்த கரிண்ணே. நான் தேடுற தினுசு அதுல துளிகூட இல்ல. கலந்துட்டா, சோர்ந்து கெடந்த சூரியனக்கூடத் துடிப்பா இருந்துச்சுன்னு காட்டும்."

"கழுவிட்டா?"

"கழுவலாம். எவ்ளோ ஊறிச்சோ, நம்பி எழுத முடியாதுண்ணே."

திட்டியிருந்தால் தேவலை. "நல்ல மனசோடதான செஞ்சீங்க" என்றாள்.

ஜீப்பை மலைக்கு விரட்டினேன். அடிமரம் லாரி ஏறிப் போயிருந்தது. கிளைகள் யார் வீட்டிலோ சோறு வேகவைத்துக்கொண்டிருந்தன. அடுப்பிலிருந்து பாதி எரிந்த ஒன்றைக் கெஞ்சி வாங்கி வந்து நீட்டினேன்.

"இது என் வயசுகூட வராதுண்ணே" என்று சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. எழுத நினைத்ததை எழுதாமலே ஊர் திரும்பினாள்.

இப்போதும் யாருக்காவது உதவ நான் எழுந்தால், "பாத்துய்யா, சூரியனுக்கு ஆயில் போட்டுடப் போற" என்பாள் மேரி. வீடே சிரிக்கும். நானும்தான். சிரித்து முடித்ததும் கண் சுவரோரம் போகும். அந்த வட்டம் அங்கேதான் சாய்ந்திருக்கிறது. இன்றுவரை ஒரு வளையத்தைக்கூடக் கரையான் தொடவில்லை.