நாவலாசிரியரின் கடைவாய்ப் பல்

மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

இங்கு என் உடல்நலத்தைத் தவிர வேறெதுவும் சரியில்லை. தாங்களும் அக்காவும் அங்கே நிம்மதியாக இருப்பீர்கள் என்று நினைத்தாலே வயிறு எரிகிறது.

நான் கால் ஒடிந்து படுத்திருந்தபோது பழம் வாங்கி வராமல் ஒரு நாவலை வாங்கி வந்தீர்களே, அன்று பிடித்தது சனி. அந்த நாவலாசிரியர் எழுதியதையெல்லாம் தேடித் தேடிப் படித்தேன். என் பல் கிளினிக்கில் வார இதழ்களைத் தூக்கிவிட்டு அவர் நாவல்களை அடுக்கினேன். சோகம் தாங்காமல் சிலர் பல்லைக் காட்டாமலே எழுந்து போனார்கள். அப்படியிருக்க, போன வருஷம் கன்னம் வீங்கி என் நாற்காலியில் வந்து உட்கார்ந்தது சாட்சாத் அவரேதான்! ரூட் கெனால் செய்தேன். வாய் நிறையப் பஞ்சு, அவரால் பேச முடியாது. என்னால் நிறுத்த முடியவில்லை. அவர் நாவல்களில் ஆரம்பித்து என் வீட்டுக்கே வந்துவிட்டேன் அத்தான். சாப்பிடும்போது என் பெண்டாட்டி இவ ஏதோ சொல்ல வாயெடுப்பா, நான் உங்க புத்தகத்திலேர்ந்து நிமிரவே மாட்டேன், பட்டுனு விளக்கை அணைச்சிட்டுப் போயிடுவா, அந்தக் கோபத்தைப் பாருங்க சார்னு சிரிச்சுக்கிட்டே சொன்னேன். அவரும் 'ம்ம்', 'ம்ம்'னாரு. ரசிக்கிறாருன்னு நினைச்சேன்.

இப்போ புது நாவல் வந்திருக்கு. கதாநாயகி ஒரு பல் டாக்டரோட பெண்டாட்டி. டாக்டர் ஒரு லொடலொட வாய். கடைசியில அவ விளக்கை அணைச்சிட்டுப் பெட்டியைத் தூக்கிட்டுக் கிளம்பிடறா. ஜென்மத்துல புத்தகம் தொடாத இவ, அதை ஒரே மூச்சுல படிச்சிட்டுத் தேம்பித் தேம்பி அழுதா. இப்போ அவரோட பழைய நாவலையெல்லாம் வரிசையா படிக்கிறா. நான் கூப்பிட்டா காதுலயே விழறதில்ல. "என் மனசை அப்படியே எழுதியிருக்காரு மனுஷன்"ங்கிறா. "அடியே, நான் சொன்னதைத்தானே எழுதியிருக்காரு!"ன்னு கத்தினேன்.

"சொன்னது நீங்க. கேட்டது அவரு"ன்னா.

நேத்து பரண்லேர்ந்து பெட்டியை இறக்கித் துடைச்சு வெச்சிருக்கா. எங்கேன்னு கேட்கத் தைரியம் வரல.

ஆகவே, இனி அந்த ஆளின் முகத்திலும் விழிப்பதில்லை, ஒரு வரியையும் படிப்பதில்லை என்று தீர்மானித்துவிட்டேன். அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் சீரும் சிறப்புமாக, சொத்தைப் பல் இல்லாமல் வாழட்டும்.

இப்படிக்கு,
தங்களால் கெட்ட மைத்துனன்

பி.கு.: இப்போதுதான் அவர் போன் செய்தார். பக்கத்துப் பல்லும் வலிக்கிறதாம். நாளைக்கு மற்ற எல்லாரையும் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பெட்டி விஷயத்தையும் அவர்கிட்ட சொல்லிடறேன் அத்தான். இவ எங்கே போகப்போறான்னு அவருக்காவது தெரியும்.