ஞாயிறுதோறும் சைக்கிள்

இந்தக் கதையில் ஒரு சொல் பொய்யாக இருந்தால், எனக்கு மிச்சமிருக்கும் ஆறு பல்லும் இப்போதே, இந்த இடத்திலேயே உதிரட்டும். ஏழாவது பல்லைப் பற்றிக் கேட்காதீர்கள். அது போன கதையில் போனது.

அச்சகம் ஒன்றில் புரூஃப் பார்க்கிறவர் ஒருவர். 'ஒற்று' என்றுதான் அவரை எல்லோரும் சொல்வார்கள். எங்கே ஒரு க், ஒரு ப் விட்டுப்போயிருந்தாலும் மோப்பம் பிடித்துவிடுவார். காய்ச்சல் வந்தால் முதலில் மருந்துச் சீட்டில் பிழை திருத்துவார், பிறகுதான் மாத்திரையை விழுங்குவார். அவருடைய மனைவி தையல்காரி. வீட்டின் முன்னறைதான் அவளுடைய தையற்கடை.

அந்த முன்னறையில் நல்ல வெளிச்சம் விழுகிற சுவர் ஒன்றே ஒன்று. அதில் சாய்ந்து நின்றது ஒற்றுவின் சைக்கிள். இருபத்தொரு கியர் என்று சொல்லி வாங்கியது. அவருக்குத் தெரிந்தது இரண்டு. மனைவி அதே சுவரில் மாட்டுவதற்கு ஆளுயரக் கண்ணாடி ஒன்றை வாங்கி வைத்திருந்தாள். அது இடம் கிடைக்காமல் படுக்கையறையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது. உடுப்பு போட்டுப் பார்க்க வந்தவர்கள் கைக்கண்ணாடியில் தங்களைத் தவணை முறையில் பார்த்தார்கள்: முதலில் கழுத்து, அப்புறம் இடுப்பு.

குளிர்காலத்தின் முதல் மூடுபனி இறங்கிய அன்று மனைவி சும்மா இருக்காமல் ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள்.

"நிக்கிற வண்டிக்கு எதுக்குங்க இவ்வளவு வெளிச்சம்? இனிமே குளிருக்கு அதைத் தொடக்கூட மாட்டீங்க."

ஒற்றுவுக்குச் சுருக்கென்றது. மனிதர் அடி வாங்கினாலும் வாங்குவார், அடிக்குறிப்பு வாங்கமாட்டார். உடனே ஒரு அட்டையை எடுத்தார். சிவப்பு மையில், ஒற்று ஒன்றும் விடாமல் எழுதினார்: 'இக்குளிர்காலம் முடியும்வரை ஞாயிறுதோறும் ஏரிக்கரைக்குச் சைக்கிளில் சென்று வருவேன். ஒருமுறை தவறினாலும் சைக்கிள் இவ்வறையை விட்டு வெளியேறும்.' பக்கத்து வீட்டுப் பல் டாக்டரைச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்லி, சைக்கிளுக்கு மேலே ஆணியடித்து மாட்டினார்.

ஏரி எட்டு கிலோமீட்டர். முதல் ஞாயிறு வெயிலில் கிளம்பினார். பாலத்தில் மூடுபனி, மாவு மில்லில் தூறல், ஏரிக்கரையில் ஆலங்கட்டி. ஒரு கட்டி வந்து பெல்லின் மேல் விழுந்து 'டிரிங்' என்றது. யாரோ வழி கேட்கிறார்கள் என்று இவர் ஒதுங்கி நின்றார். இரண்டாம் ஞாயிறு எதிர்க்காற்று. இவர் முன்னால் மிதிக்க மிதிக்க வண்டி பின்னால் போனது. நம் ஆள் சளைப்பாரா? வண்டியைத் திருப்பி வைத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து மிதித்தார். அரை மணியில் முதுகு காட்டியபடி ஏரிக்குப் போய்ச் சேர்ந்தார். நான் கூட்டிச் சொல்லவில்லை. குறைத்துத்தான் சொல்கிறேன். மூன்றாம் ஞாயிறு முடிந்தபோது அவருடைய நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்திருந்தது. மனைவியே டேப் வைத்து அளந்தாள். வந்தவர் போனவரிடமெல்லாம் அவர் அட்டையைக் காட்டினார். பல் பிடுங்க வந்தவர்களைக்கூட டாக்டர் வீட்டு வாசலில் மடக்கிக் கதை சொன்னார். அவர்கள் பல்வலியே தேவலை என்று உள்ளே ஓடினார்கள்.

நான்காம் ஞாயிறு விடியவே இல்லை. வானம் ஈயச் சட்டி மாதிரி கவிழ்ந்து கிடந்தது. சாரல் குறுக்கே அடித்தது. குழாயைத் திறந்தால் தண்ணீர் விரலைக் கடித்தது. மனைவி காப்பியோடு வந்து போர்வையை விலக்கினாள்.

"ஏங்க, மணி ஏழு. கிளம்பலையா?"

"இன்னிக்கு என்ன?"

"ஞாயிறு."

"எங்கே? காட்டு பாப்போம்."

அவள் ஜன்னலைப் பார்த்தாள். ஒற்று எழுந்து உட்கார்ந்தார். ஞாயிறு என்றால் சூரியன் என்று அகராதி சொல்வதையும், கிழமைக்கு அந்தப் பேர் வந்ததே பிற்பாடுதான் என்பதையும் வகுப்பெடுத்தார். சூரியன் வந்தால் போவேன் என்றுதான் எழுதியிருக்கிறேன், வராதபோது போனால்தான் தவறு என்று முடித்தார்.

அவள் கோபிக்கவில்லை. ஊசியில் நூல் கோக்கிற மாதிரி ஒரு கண்ணைச் சுருக்கி யோசித்தாள்.

"நீங்க படிச்சவங்க. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். அட்டையிலயே எழுதிடுங்க, நாளைக்கு நானே மறந்துடுவேன் பாருங்க."

இப்படி ஒரு மனைவி யாருக்குக் கிடைப்பாள் என்று பூரித்துப்போய், 'ஞாயிறு என்பது சூரியன்' என்று எழுதிக் கையெழுத்திட்டார். பல் டாக்டரும் போர்வையோடு வந்து மறுபடி சாட்சி போட்டார். ஒற்று பதினொரு மணி வரை வெற்றித் தூக்கம் தூங்கினார்.

மறுநாள் காலை ஆறரைக்கு யாரோ அவர் காலைச் சுரண்டினார்கள்.

"எழுந்திரிங்க. ஞாயிறு வந்தாச்சு."

கண்ணைத் திறந்தார். ஜன்னல் முழுக்கப் பொன்னாக வெயில்.

"அடியே, இன்னிக்குத் திங்கள்."

"திங்கள்னா நிலா. அது வரும்போது தூங்குங்க. இப்ப வந்திருக்கிறது ஞாயிறு."

முப்பது வருஷம் பிழை திருத்தியவருக்கு இந்த வாக்கியத்தில் திருத்த ஒன்றும் கிடைக்கவில்லை. மிதித்தார். பாலம் தாண்டுவதற்குள் மேகம் மூடிக்கொண்டது. ஞாயிறு போய்விட்டது என்று சந்தோஷமாகத் திரும்பி, வாசற்படியில் ஒரு காலை வைத்தார். வெயில் அடித்தது. அவள் உள்ளேயிருந்தபடியே 'தோறும்' என்ற ஒரு சொல்லை மட்டும் சொன்னாள். ஞாயிறுதோறும் என்றால் வரும்போதெல்லாம். அவர் எழுதிய இலக்கணந்தான்.

அந்த வாரம் வானத்துக்கும் அவருக்கும் ஏதோ ஜென்மப் பகை. செவ்வாயன்று இரண்டு தடவை, புதனன்று நாலு தடவை. அச்சகத்துக்கே மனைவியிடமிருந்து போன் வந்தது, உங்கள் பக்கம் வெயில் அடிக்கிறதா என்று. அவர் எழுந்து ஸ்வெட்டரை மாட்டினார். பனிக்காலம் என்றால் அப்படித்தான் என்று முதலாளியிடம் முனகினார். முதலாளி நிமிர்ந்தே பார்க்கவில்லை. "உமக்கு ரெண்டு சுழிப் பனி. எனக்கு மூணு சுழிப் பணி. உக்காரும்" என்றார்.

வியாழனன்று ஒற்று இறங்கிவந்தார். ஞாயிறு கிழமையாகவே இருந்துவிட்டுப் போகட்டும், பழையபடி திருத்திவிடுகிறேன் என்றார்.

"தாராளமா திருத்துங்க," என்றாள் மனைவி. "அப்போ போன ஞாயித்துக்கிழமை நீங்க போகல இல்ல?"

எடுத்த பேனாவை மூடிவைத்தார். சூரியன் என்றால் முழங்கால் போகும். கிழமை என்றால் சுவர் போகும். சுவர் போனால் தெருவில் எந்த முகத்தோடு நடப்பது?

ஐந்தாம் ஞாயிறு, கிழமையும் சூரியனும் சேர்ந்தே வந்தன. ஒற்று கையுறை மாட்டினார். அன்றைக்கு ஓட்டினார் பாருங்கள், அது ஓட்டம். பாலத்தில் தூறலைத் தாண்டினார், மில்லில் காற்றைக் கிழித்தார், இதுவரை தொடாத பதினேழாவது கியரைக் கண்டுபிடித்தார். ஏரிக்கரையில் ஆலங்கட்டி கொட்டக் கொட்ட, தலைநிமிர்ந்து நின்றார். வாரம் முழுக்க விரட்டி விரட்டி ஓடவிட்டதில் தொடை இரும்பாகியிருந்தது. மழை பிடரியில் இறங்கிய அந்த நேரத்தில்தான் மூளையில் பளிச்சென்றது. 'சைக்கிள் இவ்வறையை விட்டு வெளியேறும்.' வெளியேறத்தானே செய்கிறது? ஒவ்வொரு தடவை ஓட்டும்போதும் வெளியேறித்தானே ஓடுகிறது? தண்டனை எல்லாம் எப்போதோ தீர்ந்துவிட்டது. இனிக் கிழமை தவறினால் என்ன, சூரியன் தவறினால் என்ன? தன் அறிவை மெச்சித் தானே பெல் அடித்துக்கொண்டு திரும்பினார்.

சேறு ஒரு கோடாக முதுகில் ஏறியிருக்க, வண்டியை உருட்டிக்கொண்டு முன்னறைக்குள் நுழைந்தார். எதிரே ஒரு ஆள் அதே மாதிரி சேற்றோடு, அதே மாதிரி வண்டியோடு வந்தார். நல்ல கம்பீரம். ஒற்று அவருக்கு வழிவிட்டார். அவரும் விட்டார். அப்புறந்தான் அது சைக்கிள் நிற்கிற சுவரில் மாட்டியிருந்த ஆளுயரக் கண்ணாடி என்று புரிந்தது. கண்ணாடி முன்னால் புது உடுப்பில் நின்ற அம்மாவிடம் மனைவி, பதினாறு கிலோமீட்டர், இந்த மழையில், எங்க வீட்டுக்காரர் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒற்று தொண்டையைச் செருமி, ஏரிக்கரையில் கண்டுபிடித்ததை ஒரு ஒற்றும் விடாமல் எடுத்துரைத்தார். மனைவி முழுதாகக் கேட்டாள். தலையாட்டினாள்.

"ரொம்ப சரிங்க. வெளியேறும்னுதான் எழுதியிருக்கீங்க. திரும்ப உள்ளே வரும்னு எங்கேயும் எழுதலையே."

சைக்கிள் இப்போது மாடிப்படிக்குக் கீழே நிற்கிறது. ஒற்று தினமும் ஓட்டுகிறார், போகும்போதும் வரும்போதும் கண்ணாடியில் தொடையைப் பார்த்துக்கொள்கிறார்.

நான் சொன்னேன் என்று மட்டும் வெளியே விட்டுவிடாதீர்கள். என் கால்சட்டை ஒற்றுவின் மனைவியிடம்தான் தையலில் இருக்கிறது.