அந்தரத்தில் கொடிக் கப்டன்

வெண்ணெய், காற்றாலை என்று டென்மார்க் உலகத்துக்கு வாரி வழங்கியவை ஏராளம். அத்தனையையும் தூக்கிச் சாப்பிடும் கொடை ஒன்று உண்டென்றால் அது கொடிக் கப்டன்தான். ஜேர்மன் படை நாட்டைப் பிடித்து வைத்திருந்த 1943ஆம் ஆண்டில், ஓர் ஓவியரின் 'அஞ்சாத' பேனாவில் பிறந்த சித்திரக்கதை வீரன். முதுகில் சிவப்புப் போர்வை, அதில் டெனிஷ் கொடியின் வெள்ளைச் சிலுவை, செங்கல் போன்ற தாடை. முதல் இதழின் அட்டையிலேயே ஒரு ஜேர்மன் தளபதியின் மூக்கில் குத்து விடுகிறார். எண்பது வருடமாகியும் அந்தக் கை இன்னும் வலித்ததில்லை.

பிராண்டே என்ற டெனிஷ் சிற்றூரில் கப்டனுக்கு நேதனைவிடப் பெரிய பக்தர் கிடையாது. இலங்கையிலிருந்து வந்து, அகதி முகாமில் டெனிஷ் வகுப்பு நேரத்தில் தூங்கிவிட்டு, கப்டனின் பழைய இதழ்களை வாசித்து மொழி படித்தவர். ஆகவே பேருந்துச் சாரதியிடம் அவர் பேசிய முதல் டெனிஷ் வசனம், "நில், கோழையே!" பேருந்து நின்றது. அன்று முதல் நேதன் கப்டனின் அடிமை.

நாட்டின் விடுதலை நாளில் கப்டனுக்குச் சிலை திறப்பதென ஊர் விழாக் கொமிட்டி தீர்மானித்தபோது, கப்டன் வேடத்தில் வானத்திலிருந்து இறங்கும் 'வரலாற்றுப் பொறுப்பு' நேதனிடம் வந்தது. காற்றாலை உச்சியில் தொங்கி வேலை செய்கிறவர். கொமிட்டியில் உயரத்துக்குப் பயப்படாத ஒரே ஆள்.

மனைவி ஜெபமலர் இறுக்கமான சிவப்புக் காற்சட்டையை மேலும் கீழும் பார்த்தாள்.

"உங்களைத் தூக்க ஆண்டவர் இருக்கேக்கை கிரேன் என்னத்துக்கு?"

"இது நாட்டுக்குச் செய்யிற கடமை, ஜெபம்."

"நாட்டுக்கு உங்கடை வண்டி வயிறும் தெரியவேணுமோ?"

விழா நாள். வாத்தியம் முழங்க, கிரேன் நேதனை நாலு மாடி உயரத்துக்குத் தூக்கியது. யூலண்ட் சமவெளியின் காற்று உடனே போர்வையைப் பிடித்து அவர் முகத்தில் சுற்றியது. சிவப்பு இருட்டுக்குள்ளிருந்து கப்டன் கை அசைத்தார். சனம் ஆர்ப்பரித்தது. நேதனுக்குப் புல்லரித்தது.

கீழே கொமிட்டித் தலைவர் கார்ஸ்டன், ஓவியரின் மகளை மேடைக்கு அழைத்து வந்தார். பெயர் இங்கா, வயது தொண்ணூறு.

"ஜேர்மன்காரருக்கு அஞ்சாமல் உங்கள் தந்தை கப்டனை வரைந்த அந்த நாட்களைப் பற்றிச் சொல்லுங்கள்."

"ஏன் அஞ்சவேண்டும்? அவர்கள்தான் போய்விட்டார்களே," என்றார் இங்கா.

வாத்தியக்காரர் ஒருவரின் ஊதுகுழல் அவரைக் கேட்காமலே சிணுங்கி ஓய்ந்தது.

"அவர்கள் போனது நாற்பத்தைந்து மே மாதம். அப்பா கப்டனை வரைந்தது யூனில். போர்வைக்குச் சிவப்பு மை பூசினது நான்தான். அட்டையில் நாற்பத்து மூன்று என்று போட்டால் நன்றாக விற்கும் என்றார் அப்பா. நன்றாகத்தான் விற்றது."

"அப்படியானால்... யுத்தகாலத்தில்?"

"பன்றி வரைந்தார். ஜேர்மன் படைக்குப் போகிற இறைச்சிப் பெட்டிகளுக்கு. என்ன அழகான பன்றிகள்! கப்டனின் தாடையும் அந்தக் கைப்பழக்கத்தில் வந்ததுதான்."

கார்ஸ்டன் ஒலிவாங்கியைப் பறித்து, விடுதலைப் போரின் நினைவாக எல்லாரும் ஒரு கோப்பி குடிக்கலாம் என்று அறிவித்தார். கிரேனுக்கு அடியிலேயே அவசரக் கூட்டம் கூடியது.

"ஆளை இறக்கவா?" என்று கேட்டார் கிரேன்காரர்.

"தீர்மானம் நிறைவேறாமல் முடியாது. கீழே வருவது வீரனா விளம்பரமா என்று முதலில் முடிவாகவேண்டும்," என்றார் கார்ஸ்டன்.

மேலே நேதனின் நெஞ்சு உடைந்துகொண்டிருந்தது. முகாமில் தனக்குத் துணையிருந்தவர் ஒரு பன்றியின் உறவினர்! ஆனால் அந்தரத்தில் மனமுடைவது சிரமமான காரியம். கண்ணீர் விட்டால் பிரமுகர்களின் கோப்பிக்குள் விழும். காற்று வேறு அவரைச் சுழற்றிக்கொண்டிருந்தது. துக்கம் ஒரு திசையில் நிலைக்கவில்லை. ஒரு சுற்றில் தேவாலயம் தெரிந்தது, மறு சுற்றில் கேக் கடை தெரிந்தது. மூன்றாம் சுற்றில், ஏனென்று தெரியாமல், அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கீழே கொமிட்டியைக் காப்பாற்றியவர் செல்லத்துரை அண்ணை. எண்பத்து நாலில் இலங்கையை விட்டு விமானம் ஏறியவர். அதற்குப் பிறகு ஊரில் நடந்த சண்டை முழுவதையும் பிராண்டே மண்டப மேடையில் நின்றே நடத்தியவர். அவர் திருத்தமான டெனிஷில் எழுந்து முழங்கினார்:

"தூரத்தில் நின்று குத்தினாலும் குத்து குத்துத்தான். பிந்திக் குத்தினாலும் அப்படியே!"

அதை அப்படியே வழிமொழிந்தார்கள். "கொடிக் கப்டன் யுத்தத்தில் 'உணர்வுபூர்வமாக'ப் பங்கெடுத்தார்" என்ற தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அடுத்து, தீர்மான வசனத்தில் 'முன்தேதியிட்ட வீரம்' என்ற சொல்லைச் சேர்ப்பதா என்று விவாதிக்கத் தொடங்கினார்கள்.

ஜெபமலருக்குப் பொறுமை போய்விட்டது.

"எட, இறக்குங்கோடா என்ரை மனுசனை!"

அது தமிழ். என்றாலும் கிரேன்காரருக்கு அந்த நாளில் தெளிவாக விளங்கிய ஒரே வசனம் அதுதான். கப்டன் கடகடவென்று இறங்கினார்.

அப்போது எழுந்த கைதட்டலில் புறாக்கள் கலைந்தன. இங்கா பேசுவதற்கு முன் இவ்வளவு சத்தம் இல்லை. சிலையைத் திறந்தார்கள். புத்தகக் கடையில் முதல் இதழின் மறுபதிப்பு விற்றுத் தீர்ந்தது. தள்ளுமுள்ளில் கார்ஸ்டனுக்கே ஒன்று கிடைக்கவில்லை.

நேதன் போர்வையைக் கழற்றிவிட்டு இங்காவின் அருகில் உட்கார்ந்தார்.

"உண்மை தெரிந்த பிறகும் சனம் ஏன் கைதட்டுகிறது?"

"அப்போதும் எல்லாருக்கும் தெரியும், பிள்ளை," என்றார் இங்கா. "முதல் இதழ் வந்த அன்று கடை வாசலில் நீள வரிசை. ஒவ்வொருவரும் குனிந்து அப்பாவின் காதுக்குள் ஒன்றையே கேட்டார்கள்: 'இது என்னைப் பார்த்து வரைந்ததுதானே?'"

"அப்பா என்ன சொன்னார்?"

"ஆம் என்றார். எல்லாரிடமும்."

பக்கத்தில் செல்லத்துரை அண்ணை, தான் வாங்கிய இதழை எட்டப் பிடித்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றி, இறக்கி, நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெல்லக் குனிந்தார்.

"தம்பி நேதன், ஒருக்கா வடிவாப் பாரும். உந்த ஆளிலை கொஞ்சம் என்ரை சாடை இல்லையோ?"